பொதுச்சுவர் வீட்டுல கரையான்: மருந்து மரத்துக்கா, மண்ணுக்கா?

மன்னை கலா:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடியில எங்க பூர்வீக வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், ரெண்டாங்கட்டு, கொல்லை, கிணறுன்னு தெருவுலேர்ந்து பின்பக்கம் வரைக்கும் நீளமா போகும். அகலம் இருபது அடிதான். ரெண்டு பக்கமும் பொதுச்சுவர். செங்கல், சுண்ணாம்புச் சாந்து. உள்சுவர் சிலது மண் சாந்துதான்னு கொத்தனார் சொல்றார். கூடத்துக்கு மேல மெட்ராஸ் ஒட்டு (மர உத்திரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்ச தளம்), தாழ்வாரத்துக்கு நாட்டு ஓடும் பனங்கையும் (பனைமரச் சட்டம்). அம்மா மட்டும் அங்க இருக்காங்க. நான் கோயம்புத்தூர்ல.

ஸ்டோர் ரூம் கதவு நிலையோட கால் பக்கம் அம்மா துடைப்பக்கட்டையால தட்டியிருக்காங்க, கட்டை உள்ள போயிடுச்சு. பெயிண்ட் தோல் மட்டும் நிக்குது, உள்ள மரமே இல்ல. கூடத்துல பழைய மர ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னாடிலேர்ந்து ஒரு மண் கோடு கிளம்பி உத்திரம் வரைக்கும் ஏறியிருக்கு. சாமி படங்களோட பின் அட்டை எல்லாம் போச்சு. வீட்டுப் பத்திரம் தகரப் பெட்டியில இருந்ததால தப்பிச்சுது.

ரெண்டு பேர் வந்து பாத்தாங்க. ஒருத்தர், மரத்துல ஊசி போட்டு ஸ்ப்ரே அடிச்சா போதும், 6,500ங்கறார். இன்னொருத்தர் வீடு முழுக்க சுவரோரம் ட்ரில் போட்டு மருந்து ஏத்தணும், 28,000ங்கறார். கூடத்துல ரெட் ஆக்சைடு தரை, தாத்தா காலத்துது, இன்னும் முகம் பாக்கலாம். அதுல ஓட்டை போடறதுன்னா அம்மா ஒத்துக்க மாட்டாங்க. கிணத்துத் தண்ணியிலதான் சமையல். இடது பக்கத்து வீடு ரொம்ப வருஷமா பூட்டிக் கிடக்கு, அவங்க பம்பாய்ல. அந்தக் கொல்லை முழுக்க காடு.

நான் யார் சொல்றதைக் கேக்கறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

—

வடுவூர் சேகர்:

வண்டி சர்வீஸ் பண்ற கடையில கழிவு ஆயில் சும்மாவே தருவான். நிலை, சன்னல் சட்டம் எல்லாத்துக்கும் ரெண்டு கை அடிச்சு விடுங்க. எங்க வீட்டு மாட்டுக்கொட்டாய்க்கு அதான். எங்கப்பா காலத்துல ஆல்ட்ரின்னு ஒரு மருந்து இருந்துச்சு, ஒரு தடவை ஊத்துனா ஆயுசுக்கும் கரையான் எட்டிப் பாக்காது. இப்ப வர்ற மருந்துல ஒண்ணுமில்ல, எல்லாம் தண்ணி.

—

திருச்சி மருந்துக்காரன்:

கலாம்மா, எனக்கு இருபது வருஷத்துக்கு மேல இதே தொழில். முதல்ல ஒரு கம்பெனியில ட்ரில் புடிச்சேன், இப்ப சொந்தமா ரெண்டு பசங்களை வெச்சுப் பண்றேன். டெல்டா பக்கம் நீள வீடு நிறைய பாத்தாச்சு, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன். உங்க ஊருக்கு வேலைக்கு வர்றதுக்காக எழுதல, வயசாச்சு, திருச்சியத் தாண்டறதில்ல.

6,500காரரை விட்டுடுங்க. அவர் ஏமாத்தறார்னு நான் சொல்ல வரல. நிலையில இருக்கற கரையான் அங்க சாப்பிடத்தான் வந்திருக்கு. குடித்தனம் மண்ணுக்குள்ள. ராணி, முட்டை, குஞ்சு எல்லாம் அங்க. மரத்துல ஊசி போட்டா அந்த மரத்துல இருக்கறது சாகும், மிச்சம் பக்கத்து சன்னலுக்கு வழி பாக்கும். ஆறு மாசத்துல பூஜை ரூம் அலமாரியில மண் கோடு வரும், நீங்க அவருக்கு திரும்ப போன் பண்ணுவீங்க.

உங்களுது மண்ணுலேர்ந்து வர்ற கரையான்தான், மண் கோடே சாட்சி. இதையும் சொல்லணும், ஏன்னா சில வீட்டுல மண்ணே இருக்காது. நாற்காலிக்கு அடியில கசகசா மாதிரி குருணை கொட்டிக் கிடக்கும். லென்ஸ் வெச்சுப் பாத்தா ஒவ்வொரு குருணைக்கும் ஆறு பட்டை இருக்கும். அது உலர்மரக் கரையான், மரத்துக்குள்ளயே குடும்பம் நடத்தும். அதுக்குப் போய் தரையில ஓட்டை போட்டு மருந்து ஊத்தினா பணம்தான் தண்டம். மாவா கொட்டினா வண்டு. அது வேற கதை.

மண்ணுக்கரையான்லயும் நம்ம பக்கம் ரெண்டு குணம் பாக்கறேன். ஒண்ணு ஒடோண்டோடெர்மஸ். வயல் வரப்புல புத்து வெக்கறது இந்த இனந்தான். மரத்து மேல, சுவர் மேல மண்ணை அப்பிட்டு அதுக்கடியில இருந்துகிட்டு சுரண்டும். மழை விட்டதும் கொல்லையில புத்துக்காளான் மொளைக்குதுன்னா அடியில இது இருக்குன்னு அர்த்தம். கூட்டுக்குள்ள அது வளக்கற காளானோட பூவுதான் வெளிய வருது. இன்னொண்ணு காப்டோடெர்மஸ், ஹெட்டரோடெர்மஸ் வகை. மேல எதுவும் காட்டாது. உள்ளயே தின்னுட்டு பெயிண்ட் தோலை மட்டும் நிறுத்தி வெக்கும். உங்க ஸ்டோர் ரூம் நிலை இதுங்க வேலையாத்தான் தெரியுது. மரத்தைக் கொஞ்சம் பிச்சு, மஞ்சத் தலை இருக்கற சிப்பாய்க் கரையானை ஒரு குச்சியால சீண்டிப் பாருங்க. நெத்தியிலேர்ந்து வெள்ளையா ஒரு சொட்டு விட்டா காப்டோடெர்மஸ்.

இது ஏன் முக்கியம்னா, காப்டோடெர்மஸுக்கு மேலயே ஈரம் கிடைச்சிட்டா மண்ணுக்கு இறங்க வேண்டிய அவசியமே இல்ல. சுவர் இடுக்குல, உத்திரத்துக்குள்ள தனிக்கூடு கட்டிக்கும். உங்க மெட்ராஸ் ஒட்டு மழைக்கு ஒழுகுதா? உத்திரம் சுவருக்குள்ள போற இடத்துல கறை இருக்கா? இருந்தா கீழ எவ்வளவு மருந்து ஊத்தினாலும் மேல இருக்கறது பாட்டுக்கு இருக்கும். ஒழுக்கை அடைக்கறதுதான் அங்க மருந்து. இதை எந்தக் கம்பெனிக்காரனும் சொல்ல மாட்டான், ஏன்னா அதுல அவனுக்கு வேலை இல்ல.

அடுத்து, எப்படி உள்ள வருது. இதுலதான் பழைய வீட்டோட விஷயமே இருக்கு.

அந்தக் காலத்துல கட்டினவங்களுக்குக் கரையான் தெரியாதா? மரத்தூணை மண்ணுல நட மாட்டாங்க. கீழ கருங்கல் வெச்சு அது மேல நிறுத்துவாங்க. தெருவுலேர்ந்து மூணு நாலு படி ஏறித்தான் திண்ணை. மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல எப்பவும் கண்ணுக்குத் தெரியற ஒரு கல் இருக்கும். கரையான் ஏறினா கல்லு மேல மண் கோடு தெரியும், காலையில பெருக்கறப்ப தட்டி விட்டுடுவாங்க. பூதக்கண்ணாடி எதுவும் வேணாம், தினமும் பெருக்கற ஆள் இருந்தா போதும்.

இப்ப என்ன ஆச்சு? ரோடு மேல ரோடு போட்டுப் போட்டு தெரு ஏறிடுச்சு. பழசைச் சுரண்டிட்டுப் போடுங்கன்னு 2021ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு சுற்றறிக்கையே விட்டார். அதுக்கு முன்னாடி ஏறினது ஏறினதுதானே. மழைத் தண்ணி திண்ணை அடியில நிக்குது. உள்ள, பழைய தரை மேலயே மணல் கொட்டி டைல்ஸ் போடறாங்க. தரை நாலு அங்குலம் ஏறுது. நிலைக்கால் நாலு அங்குலம் மணலுக்குள்ள போகுது. தூணுக்குக் கீழ இருந்த கல்லு காணாமப் போகுது. நான் பாத்த டைல்ஸ் போட்ட பழைய வீடுங்கள்ல முக்கால்வாசி இப்படித்தான். கரையான் மணல் வழியா நேரா மரத்துக்குப் போயிடும், மண் கோடு கட்டற வேலையே கிடையாது, நமக்கும் தெரியாது. உங்க வீட்டுல ஸ்டோர் ரூம் பக்கம் டைல்ஸ் உண்டா?

மர ஸ்விட்ச் போர்டு, மர ரீப்பர்ல ஓடற பழைய ஒயரிங் இதெல்லாம் அதுக்கு மேல ஏற ஏணி. மெயினை ஆஃப் பண்ணிட்டு எலக்ட்ரீஷியனை வெச்சு போர்டைக் கழட்டிப் பாருங்க. பின்னாடி ஒரு கை மண் கொட்டும். மரப் போர்டைத் திரும்ப மாட்டாதீங்க, பிளாஸ்டிக் பெட்டி போட்டுடுங்க.

ஒரு வேலை இன்னிக்கே அம்மாகிட்ட சொல்லுங்க. அந்த மண் கோட்டைத் துடைக்க வேணாம். நடுவுல ஒரு அங்குலம் மட்டும் உடைச்சு விடச் சொல்லுங்க. நாளைக்கோ மறுநாளோ ஈர மண்ணு வெச்சு அடைச்சிருந்தா உயிரோட இருக்கற பாதை. அடைக்கலன்னா அந்த வழியை விட்டுடுச்சு, வேற எங்கயோ போகுது. அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால ஒவ்வொரு நிலை, சன்னல் சட்டத்தையும் கீழேர்ந்து மேல தட்டிக்கிட்டே வரணும். சத்தம் டொப்புன்னு மாறற இடத்துல சாக்பீஸ்ல கோடு. அந்தக் கோடுகளைப் பாத்தாலே எந்தச் சுவரோரமா வருதுன்னு பாதி புரிஞ்சிடும்.

மருந்துக்கு வருவோம். இப்ப நாங்க அதிகமா எடுக்கறது இமிடாகுளோப்ரிட் 30.5 எஸ்சி (30.5 சதவீத மருந்து, தண்ணியில கலக்கற குழம்பு). லிட்டர் தண்ணிக்கு 2.1 மில்லி. வாசனை கிடையாது. கரையானுக்கு அது இருக்கறதே தெரியாது, மேல பட்டுக்கிட்டு கூட்டுக்குள்ள போய் மத்ததுக்கும் ஒட்டி விடும். பைஃபென்த்ரின் 2.5 ஈசின்னா (ஈசிங்கறது தண்ணி விட்டா பால் மாதிரி கலங்கற எண்ணெய் ரகம்) லிட்டருக்கு 20 மில்லி. அது விரட்டற ரகம். புதுக் கட்டடத்துல இடைவெளி விடாம ஊத்த முடிஞ்சா நல்லா நிக்கும். உங்க மாதிரி கோணல்மாணல் சுவருல எங்கயாவது ஒரு சாண் விட்டுப்போகும், அங்க வழி கண்டுபுடிச்சு வந்துடும். குளோர்பைரிஃபாஸ் 20 ஈசி ஒரு லிட்டருக்குப் பத்தொன்பது லிட்டர் தண்ணி, விலை கம்மி, அதனால இன்னும் ஓடுது. ஆனா நெடி அடிக்கும், நரம்பைப் பாதிக்கற சாதி. அமெரிக்காவுல வீட்டுக்குள்ள இதை வேணாம்னு 2000லயே முடிவு பண்ணிட்டாங்க. வயசான அம்மா தனியா படுத்துத் தூங்கற வீட்டுல நான் ஊத்த மாட்டேன்.

சேகர் அண்ணே, ஆல்ட்ரின் பத்தி நீங்க சொன்னது சரிதான், நிக்கும். மண்ணுலயும் நிக்கும், தாய்ப்பால்லயும் நிக்கும். அதனாலதான் அது, குளோர்டேன், ஹெப்டாகுளோர் எல்லாத்தையும் 1996ல நம்ம நாட்டுல தடை பண்ணாங்க. பழைய டின் இருக்குன்னு எவனாவது கொண்டு வந்தா வாசலோட அனுப்பிடுங்க. கழிவு ஆயில் மாட்டுக்கொட்டாய் மூங்கிலுக்கு ஓகே. விளக்கேத்தற வீட்டு நிலைக்கு அடிக்கறதா?

—

சிவில் குமரன்:

மருந்துக்காரர் சொன்னதற்கு அளவுகளைச் சேர்க்கிறேன். ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 6313, பாகம் 3. அதன்படி சுவரும் தரையும் சேரும் கோட்டை ஒட்டி 12 மில்லிமீட்டர் துளைகள், 30 சென்டிமீட்டருக்கு ஒன்று, துளைக்கு அதிகபட்சம் 1 லிட்டர் கரைசல். சுவரில் துளையிடுவதானால் அடிமட்டத்தில் 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்து. வெளிச்சுவரை ஒட்டிய மண்ணில் அகழி எடுத்து, அடித்தளச் சுவரின் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். வீடு 20 அடி அகலம். நீளம் 100 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நீளச் சுவர்களுக்கு 200 துளை, குறுக்குச் சுவர் ஐந்து என்றால் ஒரு பக்கத்துக்கே இன்னும் 100. ஆக 300 லிட்டர் வரை தேவைப்படும். இமிடாகுளோப்ரிட் என்றால் அதற்கு 630 மில்லி மருந்து. வேலைக்கு வருபவர் முதுகில் ஒரு கைத்தெளிப்பானும் பையில் 100 மில்லி பாட்டிலுமாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

மண் சாந்துச் சுவரில் எச்சரிக்கை தேவை. ஒரு லிட்டரை ஒரே மூச்சில் அழுத்தி ஏற்றினால் சாந்து கரைந்து இறங்கும், அல்லது மறுபக்கம் பீறிட்டு வரும். அழுத்தம் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மறுபக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

—

மன்னை கலா:

மருந்துக்கார அண்ணே, குமரன் சார், ரொம்ப நன்றி. அம்மாவை வீடியோ கால்ல வெச்சுக்கிட்டே எல்லாத்தையும் தட்டிப் பாத்தோம். உடைச்ச மண் கோட்டை மறுநாளே அடைச்சிடுச்சு, ஈர மண்ணு பளிச்னு தெரியுது. சாக்பீஸ் கோடு எல்லாம் இடது பக்கச் சுவரை ஒட்டித்தான் வருது. வலது பக்கம் ஒண்ணுமே இல்ல. டைல்ஸ் விஷயம் நீங்க சொன்ன மாதிரியேதான், ரெண்டாங்கட்டுல மட்டும் பழைய தரை மேலயே போட்டது, ஸ்டோர் ரூமும் அங்கதான். ஸ்டோர் ரூமுக்குப் பின்பக்கம் குளியல் ரூம், அந்தச் சுவர் எப்பவும் ஓதம் காத்து சுண்ணாம்பு உதிரும்.

ஸ்விட்ச் போர்டைக் கழட்டினோம். எலக்ட்ரீஷியன் தம்பி பயந்து ஒரு அடி பின்னாடி போயிட்டான். அத்தனை மண்ணு, அதுக்குள்ள வெள்ளையா நெளியுது. சிப்பாயைச் சீண்டிப் பாத்தான், வெள்ளைச் சொட்டு விட்டுச்சாம். மெட்ராஸ் ஒட்டு இப்போதைக்கு ஒழுகல. ஆனா உத்திரம் இடது சுவருக்குள்ள போற முனையில ஸ்க்ரூ டிரைவர் கொஞ்சம் இறங்குது.

மூணு சந்தேகம். ரெட் ஆக்சைடு தரையை என்ன பண்றது? கிணறு? பூட்டின வீடு?

—

இயற்கை விரும்பி:

கெமிக்கலே வேண்டாம் சகோதரி. வேப்பெண்ணெய், பெருங்காயக் கரைசல், கல் உப்பு மூன்றும் போதும். நம் முன்னோர்கள் இவற்றைத்தான் பயன்படுத்தினார்கள்.

—

காரைக்குடி ஆசாரி:

அந்த உத்திரத்தை முதல்ல கவனிங்கம்மா. மருந்து ஒரு வாரம் தள்ளிப் போனா பரவாயில்ல. மெட்ராஸ் ஒட்டு கனம் சும்மா இல்ல, செங்கல்லு, சுண்ணாம்பு, மேல தட்டோடு எல்லாம் சேந்து அந்த உத்திரத்து முனையிலதான் உக்காந்திருக்கு. இடது சுவரை ஒட்டி ஒரு சவுக்கு முட்டு, கீழ பலகை போட்டு, இன்னிக்கே குடுக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் எந்த ஆசாரியையும் கூப்பிட்டு எவ்வளவு தூரம் போயிருக்குன்னு குடைஞ்சு பாருங்க. முட்டு இல்லாம குடைய விடாதீங்க.

நிலையைப் பத்தி. முழு நிலையையும் பேத்துட்டு புதுசு போடறேன்னு சொல்ற ஆளை நம்பாதீங்க. உங்க தாத்தா காலத்துத் தேக்கு இப்ப காசு குடுத்தாலும் கிடைக்காது. நல்லா பாத்தீங்கன்னா கரையான் வெள்ளைப் பகுதியை மட்டும் தின்னிருக்கும், வைரம் பாஞ்ச, அதாவது முத்தி இறுகின பகுதியை விட்டு வெச்சிருக்கும். ஈரத்துல ரொம்ப நாள் ஊறின வைரம்னா அதையும் ஒரு கை பாக்கும். உங்க நிலைக்கால் மணலுக்குள்ள நின்னதால கீழ மொத்தமும் போயிருக்கு. மேல நல்லா இருக்கும். தட்டிப் பாத்து நல்ல மரம் எங்க ஆரம்பிக்குதோ அதுக்கு ஒரு சாண் மேல அறுத்துட்டு, பழைய தேக்கோ வேங்கையோ ஒரு துண்டு எடுத்து, பாதிக்குப் பாதி வெட்டி ஒண்ணுமேல ஒண்ணு உக்கார வெச்சு மர ஆணி அடிச்சா போதும். வெள்ளை இருக்கற கட்டையை மட்டும் வாங்கிடாதீங்க. மாமரம், ரப்பர் மரம்னு மலிவா தருவான், அது கரையானுக்கு விருந்து வெக்கறதுக்குச் சமம்.

அந்தத் துண்டும் தரையைத் தொடக் கூடாது. டைல்ஸ் மட்டத்துக்கு மேல ரெண்டு அங்குலம் தெரியற மாதிரி கருங்கல் துண்டு வெச்சு அது மேல நிறுத்துங்க. பாக்கறதுக்கு கொஞ்சம் வித்தியாசமா இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். எங்க பக்கத்து வீடுகள்ல தூணுக்குக் கீழ கல்லு தெரியாத வீடே இல்ல.

பனங்கையைத் தட்டிப் பாத்தீங்களா? கருப்பு வைரம் நல்லா இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள சோறு மாதிரி மெத்துனு இருக்கற இளங்கட்டையை யாராவது ஓடு மாத்தறப்ப சொருகியிருந்தா அதை மட்டும் எடுத்துடுங்க.

—

திருச்சி மருந்துக்காரன்:

ஆசாரி சொன்ன முட்டு விஷயத்தை நானும் வழிமொழியறேன். அதை முடிச்சுட்டு மத்ததெல்லாம்.

இயற்கை விரும்பி தம்பி, வேப்பெண்ணெய் தடவின இடத்துல கரையான் கொஞ்ச நாள் வராது, உண்மைதான். புஸ்தக அலமாரி, பரண் பலகைக்கு நானே அடிக்கச் சொல்லுவேன். ஆனா தரைக்கடியில மணலுக்குள்ள போற பாதைக்கு எப்படித் தடவுவீங்க? உப்பைச் சுவரோரம் கொட்டினா கரையான் நிக்காது, சுவருதான் அரிக்கும். சுண்ணாம்புச் சுவருக்கு உப்புதான் மொத எதிரி. முன்னோர்கள் கல்லு வெச்சாங்க, தினமும் பெருக்கினாங்க. அதைச் செய்யுங்க.

கலாம்மா, இப்ப உங்க மூணு சந்தேகம்.

ரெட் ஆக்சைடு தரையில கை வெக்கவே வேணாம். அதுல ஓட்டை போட்டு அடைச்சா எந்தக் கொத்தனார் வந்தாலும் அந்தப் பழைய சிவப்பு வராது, பொட்டு வெச்சாப்புல தெரிஞ்சுகிட்டே இருக்கும். கூடத்துல சுவர்லயே போடச் சொல்லுங்க. தரையிலேர்ந்து நாலு அங்குலம் மேல, சாய்ச்சு கீழ் நோக்கி. மருந்து சுவர் வழியா இறங்கி அடித்தளத்துக்குப் போயிடும். ஓட்டையை சுண்ணாம்புலயே அடைச்சு வெள்ளையடிச்சா மறைஞ்சிடும். சுண்ணாம்புச் சுவருல ட்ரில்லை ஹாமர் மோடுல (இடிச்சுக்கிட்டே சுத்தறது) போடாம வெறும் சுத்துல ட்ரில் பண்ணினாலே இறங்கும். ஹாமர் போட்டா பூச்சு பாளமா வரும். ரெண்டாங்கட்டுல டைல்ஸ் இருக்கே, அங்க தாராளமா டைல்ஸ் இணைப்புல போடலாம், அந்த மணல்தான் நமக்கு வேணும். நிலைக்கால் ரெண்டு பக்கமும் கூடுதலா ஒவ்வொரு ஓட்டை.

கிணறு. இதுல விளையாடக் கூடாது. கிணத்தைப் பாத்த சுவருக்கு அகழி வெட்டி மருந்தை நேரா ஊத்தவே கூடாது. டெல்டா மண்ணுல எங்க ஊறி எங்க வரும்னு யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் தேவைன்னா சுவரோரம் மண்ணை வெட்டி எடுத்து, தூரமா தார்ப்பாய் மேல போட்டு, அளவா மருந்து கலந்து, தண்ணி முழுக்க மண்ணுல இழுத்து உதிரி உதிரியா ஆனப்புறம் திரும்பப் போட்டு மூடணும். கூலி கூடும், குடுங்க. எனக்குக் கேட்டா, உங்களுக்கு வலது பக்கமும் கொல்லைப் பக்கமும் ஒண்ணும் தெரியலன்னா கிணத்துப் பக்கம் மருந்தே வேணாம். விறகு, தென்னை மட்டை, பழைய சென்ட்ரிங் பலகை ஏதாவது சுவரோரம் அடுக்கியிருந்தா அதை அப்புறப்படுத்துங்க. அதுவே பாதி வேலை.

பூட்டின வீடு. உங்க சாக்பீஸ் கோடு அதைத்தான் காட்டுது, கூடு அந்தப் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். பொதுச்சுவருன்னா ரெண்டு பக்கமும் போடணும்னுதான் குமரன் சார் சொல்ற புஸ்தகத்துல இருக்கும். நடைமுறையில நடக்காது. உங்க பக்கத்துலேர்ந்து சுவரோட முக்கால் கனம் வரைக்கும் போற நீள ட்ரில் பிட்டு போட்டு, ஓட்டையை 30க்கு பதிலா 20 சென்டிமீட்டர்ல போடச் சொல்லுங்க. அதோட பம்பாய்க்கு ஒரு போட்டோ அனுப்புங்க, அந்த உத்திரம் போட்டோவை. அவங்களோட உத்திரமும் அதே சுவருலதான் உக்காந்திருக்கு. பாதி செலவு ஏத்துக்கறவங்க உண்டு. சாவி குடுத்தனுப்பறவங்களும் உண்டு.

தூண்டில் இரை முறைன்னு ஒண்ணு இருக்கு. குளோர்ஃப்ளுவசுரான் கலந்த மரக்கூழை சின்னப் பெட்டியில வெச்சு மண் கோட்டு மேலயே ஒட்டி விடறது. கரையானை உடனே கொல்லாது, தோலுரிக்க விடாது, கூட்டுக்கே எடுத்துட்டுப் போய் பங்கு போட்டுக்கும். ஒடோண்டோடெர்மஸ் இதை அவ்வளவா சீண்டாது, ஆனா உங்களுது காப்டோடெர்மஸ்னு ஆயிடுச்சு, நல்லா வேலை செய்யும். பக்கத்து வீட்டுக்குள்ள போகாமலே அங்க இருக்கற கூட்டைப் புடிக்க இதான் வழி. விலை கூட. ஸ்விட்ச் போர்டு இருந்த இடத்துல ஒண்ணு, ஸ்டோர் ரூம்ல ஒண்ணு வெச்சா போதும். வெச்சுட்டு அது மேல ஸ்ப்ரே கீப்ரே எதுவும் அடிக்கக் கூடாது. இரை வெச்சு ஓய்ஞ்சப்புறம் மண்ணுக்கு மருந்து. மாத்திப் பண்ணினா இரை கிட்டயே வராது.

குளியல் ரூம் ஓதத்தை மறந்துடாதீங்க. பைப் இணைப்போ, தரை வாட்டமோ, எங்கயோ தண்ணி சுவருக்குள்ள போகுது. அது நிக்கற வரைக்கும் கரையானுக்கு அங்க குடிக்கத் தண்ணி இருக்கு.

—

மன்னை கலா:

அண்ணே, ஆசாரி ஐயா, முட்டு குடுத்தாச்சு. நேத்து கொத்தனார் குளியல் ரூம் டைல்ஸை ஒரு ஓரம் பேத்தார், அடியில மணல் சொதசொதன்னு இருக்கு. பைப் எல்போ ஒண்ணு விட்டிருக்கு. பம்பாய்க்காரங்களுக்கு போட்டோ அனுப்பினேன், மாமா பாத்துட்டார், ரெண்டு நீல டிக் வந்திருக்கு, பதில் இல்ல.

28,000காரர்கிட்ட இரை முறை பத்திக் கேட்டேன், பண்ணுவோம்னார், தனி ரேட். அஞ்சு வருஷ வாரண்டி தர்றாராம். நம்பலாமா? வேலை நடக்கற அன்னிக்கு அம்மாவை எங்க வெக்கறது?

—

திருச்சி மருந்துக்காரன்:

வாரண்டிங்கறது பேப்பர்தான். அதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. வருஷத்துக்கு எத்தனை தடவை வந்து பாப்பார், திரும்ப வந்தா எந்தெந்த இடத்துக்கு இலவசமா மருந்து ஏத்துவார், ரெண்டும் எழுத்துல இருக்கணும். பில்லுல மருந்தோட பேர், சதவீதம், மொத்தம் எத்தனை லிட்டர் கரைசல், இதையும் எழுதி வாங்குங்க. பூச்சிக்கொல்லிச் சட்டத்துல பெஸ்ட் கன்ட்ரோல் பண்றவங்களுக்கு லைசென்ஸ் உண்டு, நகல் கேளுங்க, கோவிச்சுக்கிட்டா வேற ஆள் பாருங்க. பாட்டிலை உங்க கண்ணு முன்னாடி சீல் உடைச்சு டிரம்ல கலக்கணும். நீங்க இல்லன்னா அம்மாவை போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க. நல்ல ஆளுங்க இதுக்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டாங்க.

அம்மா ரெண்டு நாள் சொந்தக்காரங்க வீட்டுல இருக்கட்டும். அரிசிப் பானை, பருப்பு டப்பா, குடிதண்ணிக் குடம் எல்லாத்தையும் வெளிய எடுத்துடணும், சாமி ரூம் விளக்கை அணைச்சுடணும். ஓட்டை எல்லாம் அடைச்சு, தரையை ரெண்டு தண்ணி விட்டுத் துடைச்சப்புறம் வந்தா போதும். துடைச்ச தண்ணியைக் கிணத்தடியில ஊத்திடப் போறாங்க, சொல்லி வையுங்க.

வேலை வரிசை இப்படி வெச்சுக்கங்க. எல்போவை மாத்தி மணலைக் காய விடுங்க, சொதசொதன்னு இருக்கற மண்ணு மருந்தைக் குடிக்காது. அந்த நேரத்துல இரைப் பெட்டி வேலை செஞ்சுகிட்டு இருக்கும். அது ஓய்ஞ்சதும் ஆசாரி நிலைக்காலை அறுக்கட்டும், அறுத்த குழியிலயே மருந்துக்காரர் ரெண்டு லிட்டர் ஊத்தட்டும், அப்புறம் கல்லை வெச்சு நிறுத்தட்டும். கல்லு வெச்சப்புறம் மருந்துக்காரர் வந்தா அந்த இடம் விட்டுப்போயிடும், அதனால ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வரச் சொல்லுங்க. ஐப்பசி மழை புடிக்கறதுக்கு முன்னாடி, புரட்டாசிக்குள்ள முடிச்சுடுங்க.

பம்பாய் மாமாவுக்கு இன்னொரு தடவை போன் போடுங்க.